வறண்ட கரையும் வளம்மிக்க கடலும் – பாய்வள்ளத்தில் ஒரு களக்கற்கை

க.பொ.த. (சாதாரண தரம்) – புவியியல், விஞ்ஞானம் ஆகிய பாடங்களுக்கான துணை வாசிப்பு



"கரை வறண்டது, ஆகவே அங்குள்ள கடலிலும் உயிரினங்கள் குறைவு." கரையோரம் பற்றிய வினாக்களுக்கு விடை எழுதும்போது இம்முடிவுக்கு வருவது எளிது. ஆனால் இது பிழையானது. உலகின் மிக வறண்ட கரைகள் சிலவற்றின் எதிரேதான் மீன்வளம் மிக்க கடல்கள் அமைந்துள்ளன. நிலத்தை வறளச் செய்யும் காரணிகளே பல இடங்களில் கடலை வளப்படுத்துகின்றன. இதனை விளங்கிக்கொண்டால் காலநிலை, காற்று, உணவுச் சங்கிலி, தரைக்கீழ் நீர் ஆகிய நான்கு விடயங்களையும் ஒருங்கே விளங்கிக்கொள்வீர்கள்.

நெடுங்கேணி கடலைக் காணாத ஊர். ஆயினும் அங்கு பெய்யும் மழைக்கும் முல்லைத்தீவுக் களப்பில் வளரும் இறாலுக்கும் தொடர்பு உண்டு. அத்தொடர்பைக் கண்டறிவதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

இப்பாடத்தைக் கற்றபின் நீங்கள்,
• பாலைவனக் கரைகள் உருவாகும் விதத்தை விளக்குவீர்கள்.
• வறண்ட கரையை அடுத்த கடல் வளம் பெறுவதற்கான காரணங்களை எடுத்துக்காட்டுகளுடன் எழுதுவீர்கள்.
• பாய்வள்ளக் களப்பயணம் ஒன்றைப் பாதுகாப்பாகத் திட்டமிடுவீர்கள்.
• உள்நாட்டு நிலத்துக்கும் கடலுக்கும் இடையிலான தொடர்பை நிறுவுவீர்கள்.

1. பாலைவனக் கரை

ஆண்டொன்றுக்கு 250 மி.மீ இற்குக் குறைவான மழை பெறும் பிரதேசத்தைப் பொதுவாகப் பாலைவனம் என்பர். ஆபிரிக்காவின் நமீப், தென் அமெரிக்காவின் அற்றகாமா ஆகியன கடலைத் தொட்டு அமைந்த பாலைவனங்களாகும். கடல் அருகிலிருந்தும் அங்கு மழை பெய்யாதது ஏன்?

இவ்விரு கரைகளையும் ஒட்டிக் குளிர் நீரோட்டங்கள் ஓடுகின்றன. நமீப் கரையில் பெங்குவேலா நீரோட்டமும், அற்றகாமா கரையில் ஹம்போல்ட் (பெரு) நீரோட்டமும் உள்ளன. குளிர்ந்த நீரின் மேலுள்ள வளி குளிர்ச்சியடைந்து தாழ்வாகவே தங்கிவிடுகிறது. வளி மேலெழுந்தால் மட்டுமே மழைமுகில் தோன்றும். எனவே இக்கரைகளில் மூடுபனி உண்டு, மழை இல்லை.

இலங்கையில் பாலைவனம் இல்லை. இதனைத் தெளிவாக மனதில் இருத்துக. மிகக் குறைந்த மழை பெறும் மன்னார்ப் பகுதியும் ஏறத்தாழ 1000 மி.மீ மழையைப் பெறுகிறது. நெடுங்கேணி, முல்லைத்தீவு ஆகியன உலர் வலயத்தைச் சேர்ந்தவை. ஆனால் இங்கு மழையின் பெரும்பகுதி ஒக்டோபர் தொடக்கம் ஜனவரி வரையான சில மாதங்களிலேயே கிடைக்கிறது. எஞ்சிய மாதங்களில் வெயிலும் உலர் காற்றும் நீரை ஆவியாக்குகின்றன. அக்காலத்தில் கரையோரம் பாலைநிலத் தோற்றத்தைப் பெறுகிறது. ஆனையிறவிலும் மன்னாரிலும் உப்பளங்கள் அமைந்தமைக்கு இந்த நீண்ட வறட்சிக் காலமே காரணம்.

பாலைநிலத் தோற்றத்தை நேரிற் காண விரும்புவோர் வடமராட்சி கிழக்கிலுள்ள மணற்காட்டுக்குச் செல்லலாம். பெயருக்கேற்ப அங்கு மணல் மேடுகள் வரிசையாக உள்ளன. மணலில் அமிழ்ந்த பழைய அந்தோனியார் தேவாலயத்தின் சிதைவும் அங்கே காணப்படுகிறது. மணல் நகரும் என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று தேவையில்லை. மன்னார் வளைகுடாவின் மறுகரையில், தமிழ்நாட்டின் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் செம்மணல் மேடுகள் உள்ளன. அவற்றைத் தேரி என அழைப்பர்.

2. கரை வறண்டும் கடல் வளம் பெறுவது எவ்வாறு?

இதற்கு இரண்டு முக்கிய வழிமுறைகள் உள்ளன.

(அ) அடிநீர் மேலெழுதல்

கரையோரமாக வீசும் காற்று மேற்பரப்பு நீரைக் கரையிலிருந்து அப்பால் தள்ளும்போது, அவ்விடத்தை நிரப்ப ஆழத்திலிருந்து குளிர்நீர் மேலே வருகிறது. கடலடியில் மடிந்து மக்கிய உயிரினங்களின் நைத்திரேற்று, பொசுபேற்று முதலிய போசணைப் பொருள்களையும் அந்நீர் கொண்டுவருகிறது. சூரிய ஒளியும் போசணையும் ஒன்றுசேர்ந்தால் தாவரப் பிளாந்தன் பெருகும். அதனை விலங்குப் பிளாந்தனும், அதனைச் சிறு மீனும், அதனைப் பெரிய மீனும் கடற்பறவைகளும் உண்ணும்.

பெரு நாட்டின் கரையில் பிடிக்கப்படும் அஞ்சோவெட்டா எனும் நெத்தலி வகை இவ்வாறு பெருகியதே. மேலெழும் குளிர்நீரே கரையில் மழையைத் தடுக்கிறது; அதே நீரே கடலில் மீனைப் பெருக்குகிறது. எல் நினோ ஆண்டுகளில் இக்கடலின் மேற்பரப்பு வெப்பமடைய, போசணை நிறைந்த நீர் மேலெழுவது குறைகிறது. அப்போது பாலையில் மழை பெய்யும். கடலில் மீன் குறையும். 1972–73 எல் நினோவும் அளவுக்கு மிஞ்சிய மீன்பிடியும் சேர்ந்து அந்நாட்டின் மீன்பிடித் தொழிலை வீழ்த்தின.

(ஆ) தெளிந்த நீர்

செங்கடலின் இருகரைகளும் பாலைவனம். அங்கு ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு எதுவும் கடலில் விழுவதில்லை. ஆவியாதலும் அதிகம். ஆகவே சராசரிக் கடல்நீரில் ஆயிரத்துக்கு 35 பங்காக உள்ள உவர்த்தன்மை அங்கு ஏறத்தாழ 40 பங்காக உயர்ந்துள்ளது. ஆற்று வண்டல் வராமையால் நீர் கண்ணாடிபோல் தெளிவாக உள்ளது. முருகைக் கற்பார்களை அமைக்கும் உயிரினங்களின் உடலினுள் ஒளித்தொகுப்புச் செய்யும் நுண்பாசிகள் வாழ்கின்றன. அவற்றுக்கு ஒளி தேவை. தெளிந்த நீரில் ஒளி ஆழம்வரை செல்வதால் செங்கடலில் முருகைக் கற்பார்கள் செழித்து வளர்ந்துள்ளன.

இவ்வழியே ஒரு தமிழ்ப் பாய்க்கப்பலும் சென்றது என்பதை நீங்கள் அறிதல் வேண்டும். வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பலை அமெரிக்கர் ஒருவர் வாங்கினார். வல்வெட்டித்துறைக் கடலோடிகள் அதில் பணியாற்றினர். செங்கடல், சூயெஸ் கால்வாய், மத்தியதரைக் கடல், அத்திலாந்திக் சமுத்திரம் ஆகியவற்றைக் கடந்து, 1938 ஓகஸ்டில் அது அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்திலுள்ள குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. காற்றை அறிந்தவர்களுக்குக் கடல் வழியானது.

3. களப்பயணம்: நெடுங்கேணியிலிருந்து நந்திக்கடலுக்கு

நீங்கள் நெடுங்கேணியிலிருந்து ஒட்டுசுட்டான், முள்ளியவளை, தண்ணீரூற்று வழியாக முல்லைத்தீவுக்குச் செல்வதாகக் கொள்வோம். வழியிலுள்ள ஊர்ப்பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். கேணி, ஊற்று எனப் பெயர்களே நீரைச் சொல்கின்றன. நீர் அருமையான நிலத்தில்தான் நீரிருக்கும் இடம் ஊருக்குப் பெயராகும்.

கடலுக்கு அண்மையில் நந்திக்கடல் களப்பு விரிந்து கிடக்கிறது. வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் ஆலயம் இதன் அயலிலேயே உள்ளது. 2017 இல் நந்திக்கடல் இயற்கை ஒதுக்கமாக அறிவிக்கப்பட்டது. தெற்கே நாயாறு, கொக்கிளாய்க் களப்புகளும் வடக்கே சுண்டிக்குளமும் உள்ளன. கொக்கிளாய் 1951 இலும் சுண்டிக்குளம் 1938 இலும் சரணாலயங்களாக்கப்பட்டன. சுண்டிக்குளம் 2015 இல் தேசியப் பூங்காவாகத் தரமுயர்த்தப்பட்டது.

இக்கரை 2004 ஆழிப்பேரலையிலும் 2009 இல் போரின் இறுதியிலும் பேரிழப்பைக் கண்டது. உங்களோடு வரும் பெரியோர் சிலருக்கு இது வெறும் கற்கை இடமன்று. அமைதியாகவும் மரியாதையாகவும் நடந்துகொள்ளுங்கள்.

பாய்வள்ளம் ஏன்?

இன்று பெரும்பாலான வள்ளங்கள் இயந்திரத்தில் ஓடுகின்றன. ஆயினும் கற்கைக்குப் பாய்வள்ளமே சிறந்தது. அது மெதுவாகச் செல்லும், பறவைகளைக் கலைக்காது, ஆழங்குறைந்த நீரிலுள்ள கடற்புற்களைச் சுழலி வெட்டாது. எல்லாவற்றுக்கும் மேலாகக் காற்றின் திசையை நூலில் அன்றி உடலில் உணர வைக்கும்.

பாய்வள்ளம் காற்று வரும் திசையை நோக்கி நேராகச் செல்ல முடியாது. அத்திசைக்கு இருபுறமும் ஏறத்தாழ 45 பாகைக்குள் பாய் பயனற்றுப் படபடக்கும். ஆகவே எதிர்க்காற்றில் வலமும் இடமுமாகக் கோணல் வழியிலேயே முன்னேற வேண்டும்.

காற்றை அறிதல்

• கடற்காற்று: பகலில் நிலம் கடலைவிட விரைவாக வெப்பமடைகிறது. நிலத்தின் மேலுள்ள வளி மேலெழ, கடலிலிருந்து குளிர்ந்த காற்று நிலத்தை நோக்கி வீசுகிறது.
• நிலக்காற்று: இரவில் நிலம் விரைவாகக் குளிர்வதால் நிலத்திலிருந்து கடலை நோக்கிக் காற்று வீசுகிறது. முன்னாளில் மீனவர் விடியுமுன் இக்காற்றில் பாய் விரித்துச் சென்று, பிற்பகற் கடற்காற்றில் கரை திரும்பினர்.
• வடகீழ்ப் பருவக்காற்று (வாடை): கடலிலிருந்து முல்லைத்தீவுக் கரையை நோக்கி வீசும். கடல் கொந்தளிக்கும். களப்பயணத்துக்கு ஏற்ற காலமன்று.
• தென்மேல் பருவக்காற்று (சோளகம்): மே தொடக்கம் செப்டெம்பர் வரை நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும். கரையோர நீர் அமைதியாகத் தோன்றும்.

கவனிக்க: இந்த அமைதி ஏமாற்றக்கூடியது. நிலத்திலிருந்து வீசும் காற்று சிறு வள்ளத்தையும் நீந்துபவரையும் ஆழ்கடலை நோக்கித் தள்ளும். கரையிலிருந்து பார்ப்பவருக்கு அலை தெரியாது, ஆபத்தும் தெரியாது. எனவே மாணவர் பயணம் களப்பினுள்ளேயே நடைபெறல் வேண்டும்.

பாதுகாப்பு விதிகள்

1. உயிர்காப்பு அங்கி அணியாத எவரும் வள்ளத்தில் ஏறலாகாது. நீந்தத் தெரிந்தவரும் இதற்கு விலக்கல்லர்.
2. வானிலை அறிவித்தலைக் கேட்டபின்னரே புறப்படுக.
3. வள்ளத்தில் தண்டையலின் சொல்லே இறுதியானது.
4. கரையிலோ பற்றைகளிலோ இனங்காணாத உலோகப் பொருள் எதனையும் தொடாதீர்கள். அவ்விடத்தை விட்டு விலகிப் பெரியோருக்கு அறிவியுங்கள்.
5. உயிரினங்களைப் பிடிக்கவோ முட்டைகளை எடுக்கவோ வேண்டாம்.

4. எவற்றை அவதானிக்க வேண்டும்?

(அ) முகத்துவாரம்

நந்திக்கடல் வட்டுவாகல் பக்கமாகக் கடலோடு தொடர்புறுகிறது. வறட்சிக் காலத்தில் அலை கொண்டுவரும் மணல் களப்பின் வாயை அடைத்து மணற்றடையை உண்டாக்கும். மாரியில் ஆற்றுநீர் பெருகி அதனை உடைக்கும். முத்தையன்கட்டுக் குளம் அமைந்துள்ள பேராற்றின் நீர் இக்களப்பையே அடைகிறது.

இப்போது இறாலின் வாழ்க்கை வட்டத்தைப் பாருங்கள். முதிர்ந்த இறால் கடலில் முட்டையிடும். குஞ்சுகள் முகத்துவாரம் வழியே களப்பினுள் வந்து, கண்டல் வேர்களிடையேயும் சேற்றிலும் உணவுண்டு வளரும். பின் கடலுக்குத் திரும்பும். வாய் திறக்காவிடில் குஞ்சு உள்ளே வராது. வாய் திறக்க ஆற்றுநீர் வேண்டும். ஆற்றுநீருக்கு வன்னிக் காட்டிலும் வயலிலும் மழை பெய்ய வேண்டும்.

(ஆ) கடற்புற்றரை

கடற்புல் பாசியன்று, வேர், தண்டு, இலை, பூ ஆகியவற்றைக் கொண்ட பூக்கும் தாவரமாகும். அது மணலைப் பற்றிப் பிடிக்கிறது, மீன்குஞ்சுகளுக்கு மறைவிடமாகிறது. மன்னார் வளைகுடாவிலும் பாக்கு நீரிணையிலும் வாழும் கடற்பசுவின் (ஆவுளியா) உணவும் இதுவே. நாளொன்றுக்கு 30 கிலோகிராம் அளவிலோ அதற்கு மேலாகவோ புல் உண்ணும் இவ்விலங்கு, பல ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரு கன்றை மட்டுமே ஈனும். ஆகவே சில விலங்குகள் கொல்லப்பட்டாலும் அக்குறை நிரம்பப் பல்லாண்டுகள் செல்லும். 2022 இல் தமிழ்நாடு அரசு பாக்குக் குடாவில் 448 சதுர கிலோமீற்றர் பரப்பைக் கடற்பசுப் பாதுகாப்பு ஒதுக்கமாக அறிவித்தது.

கடலடியை வாரும் இழுவைமடி மீன்பிடி இப்புற்றரைகளை வேரோடு பெயர்க்கிறது. இலங்கையில் இது 2017 இல் சட்டத்தால் தடைசெய்யப்பட்டது.

(இ) மணல் மேடும் நன்னீர்க் கிணறும்

கடலுக்கு மிக அருகில் உள்ள கிணற்றில் நன்னீர் இருப்பது எவ்வாறு? மழைநீர் மணலினூடாக இறங்கி, உவர்நீரின் மேல் வில்லை வடிவில் மிதக்கிறது. நன்னீரின் அடர்த்தி 1.000, கடல்நீரின் அடர்த்தி ஏறத்தாழ 1.025. இவ்வேறுபாட்டைக் கொண்டு கணித்தால்,

1.000 ÷ (1.025 – 1.000) = 40

அதாவது கடல்மட்டத்துக்கு மேல் 1 மீற்றர் உயரத்துக்கு நன்னீர் நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் வரை நன்னீர் இருக்கலாம். மறுபக்கத்தையும் எண்ணிப் பாருங்கள். மிகையாக நீர் இறைப்பதனாலோ மணல் அகழ்வதனாலோ நன்னீர் மட்டம் 10 சென்ரிமீற்றர் தாழ்ந்தால், கீழிருந்து உவர்நீர் 4 மீற்றர் வரை மேலெழக்கூடும். மணல் மேட்டை வெட்டி விற்பது, கிராமத்தின் குடிநீரை விற்பதற்கு ஒப்பாகும்.

(ஈ) கடலாமைகள்

இலங்கைக் கரைகளில் ஐந்து இனக் கடலாமைகள் முட்டையிடுகின்றன. மணலின் வெப்பநிலையே குஞ்சின் பாலைத் தீர்மானிக்கிறது. சூடான மணலில் பெண் குஞ்சுகளும் குளிர்ந்த மணலில் ஆண் குஞ்சுகளும் மிகுதியாகும். புவி வெப்பமடைதல் இவ்விகிதத்தை மாற்றிவிடும் என்பது விஞ்ஞானிகளின் கவலை.

5. நிலத்திலிருந்து கடலுக்கு

மேற்கூறியவற்றைச் சேர்த்து நோக்குக. நமீப் கரையில் நிலமும் கடலும் குளிர் நீரோட்டத்தால் பிணைக்கப்பட்டுள்ளன. நமது கரையில் அவை ஆறுகளாலும் குளங்களாலும் பிணைக்கப்பட்டுள்ளன. ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடக்கும் வன்னி, நான்கு மாத மழையைக் களப்புக்கு அனுப்பிக் கடலுக்கு உணவூட்டுகிறது.

நல்லதைக் கொண்டுசெல்லும் நீரே தீயதையும் கொண்டுசெல்லும். வயலில் மிகையாக இட்ட பசளை களப்பை அடைந்தால் பாசி பெருகும். பாசி மடிந்து அழுகும்போது நீரிற் கரைந்த ஒட்சிசன் குறையும், மீன் மடியும். இதனை நற்போசணையாக்கம் என்பர். கிருமிநாசினிகளும் பொலித்தீனும் இதே வழியிலேயே செல்கின்றன. காடழித்தால் மண் கரைந்து களப்பின் ஆழத்தைக் குறைக்கும். ஆகவே களப்பைக் காக்கும் பொறுப்பு கரையிலுள்ள மீனவருக்கு மட்டும் உரியதன்று. நெடுங்கேணியில் மண்வெட்டி பிடிப்பவருக்கும் அதிற் பங்குண்டு. வயலில் நடக்கும் தவறுக்கு வலை வீசும் குடும்பம் விலை கொடுக்க நேரிடும்.

செயற்பாடு: 1:50,000 இடவிளக்கப் படத்தில் உங்கள் ஊர்க் குளத்தைக் கண்டறிக. அதன் மேலதிக நீர் செல்லும் வாய்க்காலைப் பென்சிலால் தொடர்ந்து செல்க. அது எந்த ஆற்றில் சேர்கிறது? எந்தக் களப்பை அடைகிறது? நூல் ஒன்றை வளைத்து வைத்து அத்தூரத்தைக் கிலோமீற்றரில் அளக்க. (படத்தில் 2 செ.மீ = நிலத்தில் 1 கி.மீ)

6. களக்குறிப்பேடு

ஒவ்வொரு நிலையத்திலும் பின்வருவனவற்றைப் பதிக.
• திகதி, நேரம், இடம்
• காற்றின் திசை. கடற்காற்றா, நிலக்காற்றா, பருவக்காற்றா என்பது
• நீரின் வெப்பநிலை, தெளிவு (வெள்ளைத் தட்டு ஒன்றைக் கயிற்றில் இறக்கி, அது கண்ணுக்கு மறையும் ஆழத்தை அளக்கலாம்)
• கண்ட தாவரங்கள், விலங்குகள், அவற்றின் எண்ணிக்கை
• மனிதச் செயற்பாடுகள்

கண்டதை மட்டும் எழுதுக. "பூநாரைகள் 12, ஆழங்குறைந்த நீரில் இரை தேடின" என்பது அவதானம். "இங்கு உணவு அதிகம்" என்பது அனுமானம். இரண்டையும் வெவ்வேறு நிரல்களில் பதிதல் நன்று.

7. மாதிரி வினாவிடைகள்

வினா 1: குளிர் நீரோட்டம் ஓடும் கரைகள் பாலைவனமாவது ஏன்?
விடை: குளிர்நீரின் மேலுள்ள வளி குளிர்ந்து உறுதிநிலை பெறுகிறது. அது மேலெழாமையால் ஒடுங்கி மழையாவதில்லை. எ-டு: நமீப், அற்றகாமா.

வினா 2: செங்கடலில் முருகைக் கற்பார்கள் செழித்திருப்பதற்கு இரு காரணங்கள் தருக.
விடை: (i) ஆற்று வண்டல் சேராமையால் நீர் தெளிவாக இருத்தல். (ii) வெப்பமான நீரும் மிகுந்த சூரிய ஒளியும் கிடைத்தல்.

வினா 3: மாரி மழை குறைந்தால் களப்பில் இறால் உற்பத்தி குறையக்கூடும். விளக்குக.
விடை: மழை குறைய ஆற்றுநீர் குறைகிறது. முகத்துவாரத்து மணற்றடை உடையாது அல்லது விரைவில் மூடிக்கொள்ளும். கடலிலிருந்து இறாற்குஞ்சுகள் உட்புகுவது குறைகிறது. ஆற்றுநீர் கொண்டுவரும் போசணையும் குறைகிறது. ஆகவே உற்பத்தி வீழ்ச்சியடையும்.

வழிகாட்டல்: "விளக்குக" என வரும் வினாவுக்குக் காரணத்தை மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். காரணம், அது செயற்படும் முறை, விளைவு ஆகிய மூன்றும் ஒன்றையொன்று தொடர்ந்து வரல் வேண்டும். வினா 3 இன் விடை அவ்வாறு அமைந்திருப்பதைக் கவனியுங்கள்.

பயிற்சி

1. மணல் அகழ்வு கரையோரக் கிணறுகளைப் பாதிக்கும் விதத்தைப் படத்துடன் விளக்குக.
2. கடற்காற்று, நிலக்காற்று ஆகியவற்றை ஒப்பிட்டு, முற்கால மீனவர் அவற்றைப் பயன்படுத்திய விதத்தை எழுதுக.
3. "வறண்ட கரை உயிரற்ற கரையன்று." இக்கூற்றை ஓர் உலக எடுத்துக்காட்டையும் ஓர் இலங்கை எடுத்துக்காட்டையும் கொண்டு நிறுவுக.
4. உங்கள் ஊர்க் குளத்திலிருந்து களப்பு வரையான நீர்வழியைப் படமாக வரைந்து, அவ்வழியில் நீர் மாசடையக்கூடிய மூன்று இடங்களைக் குறிக்க. அவற்றுள் உங்கள் பாடசாலை மாணவரால் தடுக்கக்கூடியது எது? எவ்வாறு தடுப்பீர்கள்?

நான்காம் வினாவுக்கான விடையை எழுதியபின், குறித்த இடங்களுள் ஒன்றையேனும் நேரிற் சென்று பாருங்கள். படத்தில் வரைந்த வாய்க்காலை ஒருமுறை நடந்து பார்த்த மாணவருக்கு இப்பாடம் எளிதில் மறக்காது.